சுமை தானாக விழும் இடம்

ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' தொடங்கிய சற்று நேரத்திலேயே ஓர் உரையாடல் வரும். முதுகில் பெருஞ்சுமையோடு கலங்கி நிற்கும் கதைநாயகன் கிறிஸ்தியானிடம், தூரத்தில் ஒரு வாசல் தெரிகிறதா என்று நற்செய்தியாளர் கேட்கிறார். தெரியவில்லை என்கிறான். அந்த வெளிச்சமாவது தெரிகிறதா? தெரிவதுபோல இருக்கிறது என்கிறான். அதைப் பார்த்தபடியே நட என்று அனுப்பிவிடுகிறார். ஊழியத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறோம் என்று நம்புகிற எல்லாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். வாசல் தெரியாதவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. அவன் கண்ணுக்கு எட்டியதிலிருந்து தொடங்குகிறார். சுமையை இறக்க அவர் கை நீட்டுவதுமில்லை.

அந்தக் கதையில் சுமையைச் சீக்கிரம் இறக்க வழி சொல்கிறவர் உலக ஞானி. அவர் பேச்சைக் கேட்டுப் போனவன், தலைமேல் விழுவதுபோல் நிற்கும் மலையடியில் நடுங்கி நிற்கிறான். சுமை விழுவதோ சிலுவையின் முன்னால், மனிதக் கை எதுவும் படாமல். ஆனால் அதற்கு முன்பு சேற்றில் புதைந்தபோது தூக்கிவிட ஒருவர் தேவைப்பட்டார். கடைசி ஆற்றில் அவன் மூழ்கும்போது, நம்பிக்கை என்ற தோழன்தான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொள்கிறான். மனிதருக்கு விடப்பட்ட வேலை இதுதான் என்று நினைக்கிறேன். சிறிய வேலை, ஆனால் தட்டிக்கழிக்க முடியாதது.

இதை எழுதிய பனியன் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660-இல் கைதானவர். பிரசங்கிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் கண் தெரியாத மகள் இருந்தாள். அவர் வாக்குக் கொடுக்கவில்லை. பெட்ஃபர்டு சிறையில் 12 ஆண்டுகள், குடும்பத்துக்காகக் காலணி நாடா செய்துகொண்டு கிடந்தார். அடுத்தவர் விடுதலையைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது.

1678-இல் வந்த அந்த நூலைத் தழுவி, 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். கிறிஸ்துவிடம் வந்தபோது கம்பனை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. அதனால்தான் நமக்கு ஒரு காவியம் கிடைத்தது. ஒருவரை விடுதலைக்கு வழிநடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவரை நம்மைப்போல் ஆக்கப் பார்ப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

எங்கள் பக்கத்துச் சபையொன்றில் குடியை விட்ட ஒருவரை, கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் பழைய அவமானத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, ஊருக்கு அவர் 'குடித்தவர்' ஆகவே நிலைத்தார். ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டார். அவரைத் தேடிப் போனவர் பாடகர் குழுவில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். குடியை விட்டவர் மாலையில் வேலை முடிந்து வந்ததும், ஆசிரியர் அவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்துவருகிறார். மதுக்கடை அந்த வழியில்தான் இருக்கிறது. போதனை எதுவும் கிடையாது. ஊர்க்கதை பேசுவார்கள், அவர் கேட்டால் மட்டும் ஜெபிப்பார்கள். ஊழியம் செய்ய என்ன படிக்கலாம் என்று இளைஞர்கள் என்னிடம் கேட்டால், முதலில் அந்த வாத்தியாரோடு ஒரு வாரம் நடந்துவிட்டு வரச் சொல்கிறேன்.