மூளையின் நுண்ணிழைகளும் மனிதனின் பொறுப்பும்

எண்ணம் எங்கே தோன்றுகிறது? 'மூளையில்' என்று இன்றைய மாணவன் தயங்காமல் விடை கூறுவான். அவ்வாறாயின் அன்பும் சினமும், தியாகமும் வஞ்சனையும் நரம்பணுக்களின் செயல்களே அல்லவா? அவற்றுக்கு மனிதனை எவ்வாறு பொறுப்பாளி ஆக்குவது? இக்கேள்வி ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடுவதன்று. நமது அறவாழ்வின் வேரையே தொடுவது.

முதலில் அறிவியல் கூறுவதைக் கேட்போம். இத்தாலிய அறிஞர் கோல்கி கண்டறிந்த சாயமுறையைக் கொண்டே, ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால், மூளை ஒரே தொடர்வலை அன்று, தனித்தனி நரம்பணுக்களால் ஆனது என்று காட்டினார். 1906-ஆம் ஆண்டின் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இரண்டு அணுக்கள் சந்திக்கும் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி உண்டு. வேதிப்பொருள்கள் அதனைக் கடந்து செய்தியைச் சேர்க்கின்றன. ஓர் அனுபவம் மீண்டும் மீண்டும் நிகழும்போது அச்சந்திப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை நலிகின்றன. நம் முன்னோர் 'சம்ஸ்காரம்' என்று குறிப்பிட்ட மனப்பதிவை இது நினைவூட்டுகிறது.

திருமலையில் தர்மகிரி வேத பாடசாலை உள்ளது. அங்கு சிறுவர்கள் ஆசிரியர் சொல்லக் கேட்டு, திரும்பச் சொல்லி, பல ஆண்டுகள் வேதம் பயில்கின்றனர். இத்தகைய பயிற்சி மூளையில் தடம் பதிக்குமா? 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்திய வேத பண்டிதர் 21 பேரின் மூளைகளை, அப்பயிற்சி பெறாத 21 பேரின் மூளைகளோடு ஒப்பிட்டது. மொழிக்கும் நினைவுக்கும் உரிய பல பகுதிகள் பண்டிதர்களிடம் பருத்திருந்தன. இயல்பிலேயே அத்தகைய மூளை உடையவர்கள்தாம் பண்டிதர் ஆனார்களோ என்று ஒருவர் வினவலாம், நியாயமான வினாவே. ஆனால் லண்டன் மாநகரின் தெருக்களை மனப்பாடம் செய்த டாக்சி ஓட்டுநர் பயிற்சியாளர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், தேர்ச்சி பெற்றவர்களிடம் நினைவுக்குரிய பகுதி வளர்ந்திருந்தது. ஆகவே மூளை எண்ணத்தை உருவாக்குகிறது என்பது பாதி உண்மை. மீண்டும் மீண்டும் எண்ணுவது மூளையை உருவாக்குகிறது என்பது மறுபாதி.

மனம் ஜடத்தைச் சார்ந்தது என்று கேட்டு வேதாந்தி அஞ்ச வேண்டியதில்லை. சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் நீர் மட்டும் அருந்தி உண்ணாதிருக்கச் செய்கிறார். கற்ற வேதம் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. உணவு உண்டபின் யாவும் திரும்பின. மனம் அன்னத்தின் நுண்ணிய பகுதியால் ஆனது என்பதே அப்பாடம். 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியும், எண்ணம் என்பது மூளையணுக்களில் தேங்கிய நினைவின் எதிர்வினை, ஒரு பௌதிகச் செயல் என்றே கூறிவந்தார். 1980-இல் இயற்பியலறிஞர் டேவிட் போமுடன் நிகழ்த்திய உரையாடல்களில், ஆழ்ந்த உட்பார்வை மூளையணுக்களையே மாற்றவல்லது என்று மேலும் ஒருபடி சென்றார். இது அறிவியல் நிறுவிய முடிவன்று. ஆயினும் நம் சிந்தனைக்குரியது.

'பயிற்சியை மேற்கொள்ளும் முடிவும் மூளையில்தானே நிகழ்கிறது?' என்று கேட்கலாம். ஆம். ஆனால் பொறுப்பு என்பதற்கு, முடிவு மூளைக்கு வெளியே பிறக்க வேண்டும் என்ற அவசியமில்லை. சினம் எழும்போது 'இதோ சினம் எழுகிறது' என்று கவனிக்க முடிகிறதா, கவனித்தபின் வேறு வழியில் திரும்ப முடிகிறதா என்பதே கேள்வி. அந்த இடம் எவ்வளவு சிறிதாயினும், அங்கே அறம் தொடங்குகிறது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, நம்மிடம் நாம் கண்டிப்பாயிருத்தல். அற்பமானது என்று நாம் அனுமதிக்கும் பொறாமையும் நாள்தோறும் வந்துபோனால் தனக்கென ஒரு பாதையை வெட்டிக்கொள்கிறது. இரண்டாவது, பிறரிடம் கருணையோடிருத்தல். இன்னொருவருடைய மூளை அவருக்கு எவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கிறது என்பதை நாம் அறியோம். மறதிநோயால் பெற்ற மகனையே 'நீ யார்?' என்று கேட்கும் முதியவர் வேண்டுமென்று அவ்வாறு செய்வதில்லை. நினைவின் இழைகள் அறுந்துள்ளன, அவ்வளவே. நினைவு போனதும் மனிதரும் போய்விட்டார் என்று கருதும் வீட்டில் பணிவிடை குன்றும், குரல் கடுமையாகும். நினைவுகளின் தொகுப்பைத்தான் நாம் இதுநாள்வரை வணங்கினோமா, அல்லது அந்நினைவுகளை உடையவரையா என்பதற்கு அப்போது நம் கைகளே விடை சொல்லும்.