பாறை இல்லாத கரை

வானூர் தாண்டி மரக்காணம் போனால் பார்வைக்குத் தடையே கிடையாது. பாத்தி, வரப்பு, குவித்த உப்பு, மறுபடியும் பாத்தி. ஒருவன் ஒளிய மறைவில்லை, விழுந்து சாக உயரமும் இல்லை. துப்பறியும் படம் எடுப்பவர்கள் இந்தக் கரையில் வண்டியை நிறுத்தக் காரணமில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

*

அப்படி எண்ண வைத்தது ஜப்பானியர்கள்தான். அவர்களின் குற்ற நாடகங்களில் கடைசிக் காட்சிக்கு எல்லோரும் ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு வந்துவிடுவார்கள். கீழே அலை மோதும், மேலே குற்றவாளி அழுதபடி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். நிப்பான் தொலைக்காட்சியில் 1981 முதல் 2005 வரை செவ்வாய் இரவுகளில் வந்த நாடக வரிசை இதை அலுக்க அலுக்கக் காட்டியது. போலீஸ் ஸ்டேஷன் இருக்க அங்கே ஏன் போகிறார்கள் என்று கேட்கக் கூடாது. நம் படங்களில் கிளைமாக்ஸ் சண்டைக்குப் பாழடைந்த குடோன் எப்படியோ, அவர்களுக்குப் பாறை.

இதற்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லப்படுவது 1961-ல் நொமுரா யோஷிடாரோ இயக்கிய 'ஜீரோ நோ ஷோட்டென்' படம். மாட்சுமோட்டோ செய்ச்சோவின் நாவலிலிருந்து வந்தது. கல்யாணமான சில நாளிலேயே டெய்க்கோவின் கணவன் வேலை விஷயமாக கனசாவா போகிறான், திரும்பவில்லை. குளிர்காலத்தில் அவள் தேடிப் போகிறாள். கிளறக் கிளற வெளியே வருவது போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் ஜப்பானில் தங்கியிருந்த காலம். வயிற்றுப்பாட்டுக்காகப் பெண்கள் அன்று செய்த தொழில். அதை மூடிவைக்க இன்று நடக்கும் கொலைகள். நோட்டோ தீபகற்பத்தின் மேற்குக் கரையில், யாசே என்ற பாறை முனையில் முடிச்சு அவிழ்கிறது. நாவலில் யாரும் பாறைமேல் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. அது படம் சேர்த்தது. பார்த்தவர் மனதில் தங்கியதும் அதுதான்.

*

2007 மார்ச்சில் வந்த நிலநடுக்கத்தில் யாசேயின் நுனி இடிந்து கடலில் விழுந்தது. படத்தைப் பார்த்துவிட்டுத் தேடிப் போகிறவருக்குப் பழைய விளிம்பு இனி படத்தில் மட்டும்தான்.

*

அதே நோட்டோவின் வடமுனையில், சுசு என்ற ஊரில், உப்பு விளைகிறது. இதைப் படித்த பிறகு எனக்குப் பாறைமேல் இருந்த ஆர்வம் குறைந்துவிட்டது.

நம் பக்கம் உப்புநீரைப் பாத்திக்கு விட்டால் போதும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். அங்கே அந்த அளவுக்கு வெயில் இல்லை. அலை எட்டாத மேட்டில் மணலைப் பரப்பி, தோளில் இரண்டு வாளி கடல்நீர் சுமந்து வந்து, மழைபோல விசிறி இறைக்கிறார்கள். காய்ந்து உப்பேறிய மணலை வாரி, அதன்மேல் மறுபடி கடல்நீர் ஊற்றி, வடியும் உப்புநீரை இரும்புக் கொப்பரையில் விறகு வைத்துக் காய்ச்சுகிறார்கள். ஒரே சீராக இறைக்கக் கை பழகவே வருஷங்கள் ஆகும் என்கிறார்கள். 2008-ல் ஜப்பான் அரசு இந்த முறையைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

டெய்க்கோ தேடிப் போனது குளிர்காலம், உப்பு வேலை கோடையில். அதனால் படத்துக்கு நோட்டோ என்றால் பனியும் பாறையும்தான்.

2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் வடகரை மேலே எழுந்தது; பக்கத்து ஊரான வாஜிமாவில் சில இடங்களில் நான்கு மீட்டர் வரை. கடல் பின்னால் போய்விட்டது. வாளி சுமக்கிறவருக்கு நடை அவ்வளவு கூடும்.

*

மரக்காணத்தில் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்தே இறுக்குகிறார்கள். வெயிலுக்கு முன் உப்பு வார வரும் பெண்ணுக்குத் தன் பாத்தியின் தரை மனப்பாடம். ராத்திரி அந்நியக் கால் ஒன்று அதில் இறங்கியிருந்தால் குதிகால் பதிந்த ஆழத்தைப் பார்த்தே, ஆள் சுமையோடு போனானா வெறுங்கையோடு போனானா என்று அவர் சொல்லிவிடக்கூடும். மறைவில்லாத நிலம் துப்பறியும் கதைக்கு ஆகாது என்ற என் எண்ணம் இப்போது மாறிவிட்டது. ஒப்புக்கொள்ள வைக்கத்தான் பாறை வேண்டும். கண்டுபிடிக்க இந்தச் சேறு போதும்.

அப்படி யாராவது படம் எடுக்க வந்தால் சித்திரை, வைகாசியில் வரட்டும். ஐப்பசியில் வந்தால் பாத்தி முழுக்க மழைத் தண்ணீர், உப்புக்காரர்கள் வேறு கூலிக்குப் போயிருப்பார்கள்.