ஏன் முன்பே சொல்லவில்லை?

நோயுற்ற பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏனம்மா, இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?" அன்பினால் கேட்பதுதான். ஆனாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. நோயோடு குற்றத்தையும் அவள் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் பரவிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. இதற்கு யார் பொறுப்பு?

முதலில் இயற்கையைச் சொல்ல வேண்டும். சினைப்பை மிகச் சிறியது. அடிவயிற்றின் ஆழத்தில் இருப்பது. அங்கே தோன்றும் கட்டி எளிதில் கைக்குத் தட்டுப்படாது. அதன் அடையாளங்களோ மிகச் சாதாரணம்: வயிற்று உப்புசம், நாலு வாய் உண்பதற்குள் வயிறு நிறைந்த உணர்ச்சி, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். சுக்குக் கஷாயம் போதும் என்றுதானே நினைப்போம்?

மருத்துவத்தின் கையும் இங்கே முழுதாக எட்டவில்லை. பிரிட்டனில் 2001-இல் தொடங்கிய பெரும் ஆய்வில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். நோயின் அடையாளம் எதுவும் இல்லாதவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை செய்தால் உயிரிழப்பு குறையுமா என்று பார்த்தார்கள். குறையவில்லை என்பதே 2021-இல் வந்த முடிவு.

அப்படியானால் மனிதர்கள்மீது பழியே இல்லையா? இருக்கிறது. சத்தமில்லாமல் கொல்லும் நோய் என்று இதை வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்நோய் கண்ட 1,725 பெண்களை விசாரித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 95 பேர் தங்களுக்கு முன்பே உபாதைகள் இருந்ததாகச் சொன்னார்கள். நோய் பேசியிருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

கில்டா ராட்னர் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகையை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சியில் நாட்டையே சிரிக்க வைத்தவர். களைப்பு, கால் வலி என்று சுமார் 10 மாதங்கள் பல மருத்துவர்களிடம் போனார். ஒவ்வொருவரும் வேறு ஏதேதோ காரணம் சொன்னார்கள். 1986 அக்டோபரில் உண்மை தெரிந்தபோது நோய் கடைசிக் கட்டத்தில் இருந்தது. 1989-இல், 42 வயதில் மறைந்தார். இவரைப் பார்த்து, "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று யார் கேட்க முடியும்? முன்பே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 10 மாதங்களில், தன் வலியை மெய்யென்று பிறர் நம்புவதற்காகவும் அவர் போராட வேண்டியிருந்தது.

பொறுமையைப் பெண்ணின் அணிகலன் என்று புகழ்ந்து பழகியவர்கள் நாம். பிறர் பிழையைப் பொறுப்பது பெருந்தன்மை. தன் உடல் சொல்லும் செய்தியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பது எந்த அறம்? பிரிட்டனில் 2011-இல் மருத்துவர்களுக்கு ஒரு நெறி வகுத்தார்கள்: இந்த உபாதைகள் மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், குறிப்பாக 50 வயது கடந்தவர்களுக்கு, இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எளிய கணக்குதான். ஆனால் வீட்டில் எல்லாருடைய சாப்பாட்டையும் கவனிக்கிற தாய், சில வாரங்களாகப் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்தால், அதை எண்ணுகிறவர் யார்?

இயற்கை மறைப்பதை நம்மால் தடுக்க முடியாது. அவள் சொல்லும்போது கேட்பதும், சொல்லாதபோது விசாரிப்பதும் நம்மால் முடியும். மருத்துவமனைக் கட்டிலருகே கேட்கும் கேள்வியைச் சாப்பாட்டு வேளையிலேயே கேட்டுவிடலாம்: "என்னம்மா, இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லையே?"