பெயர் சொல்லும் பொறுப்பு

மண்கும்பானில் கோயில் கொண்ட பிள்ளையாரை வெள்ளைப்புற்றடி விநாயகர் என்று வணங்குகிறோம். புற்று என்றதும் எமது நினைவுக்கு வருவது பாம்பு. மண்ணை உமிழ்நீரிற் குழைத்துத் துகள் துகளாய் அடுக்கி அதனை எழுப்பிய கறையானை எவரும் எண்ணுவதில்லை. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையைப் பழமொழியாகச் சொல்லத் தெரிந்த நாமே, மறுகணம் அதைப் பாம்புப் புற்று என்கிறோம். உழைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன். மனித சமுதாயத்தின் இப்பழைய அநீதி எமது சொற்களுக்குள்ளும் புகுந்து குடியிருக்கிறது.

பெயரிடுதல் அறத்தோடு ஒட்டிய செயல் என்பதை மாணவரோடு நடந்து திரியும் காலைகளில் உணர்ந்து வருகிறோம். பூங்காவைத் தேடி நாம் போவதில்லை. மணலும் பனையும் எருக்கலையும் கொண்ட வெளி சாட்டிக் கடற்கரைப் பக்கம் வரை கிடக்கிறது. கண்ட பூச்சியைக் கைத்தொலைபேசியிற் படம் பிடிப்பதும், அது இன்ன இனம் என்று ஆராய்வதுமே எமது வேலை.

முற்காலத்தில் பூச்சியை அறிவதென்றால் அதனைக் கொன்று ஊசியிற் குத்தி வைக்க வேண்டும். தரங்கம்பாடிக்கு 1768இல் வந்து சேர்ந்த கேனிக் என்னும் அறிஞர், கறையானைப் பற்றி 1779இல் கட்டுரை எழுதியவர், இலங்கைக்கும் வந்து உயிரினங்களைச் சேகரித்தார். அவர் சேகரித்த பூச்சிகள் பலவற்றுக்கு ஐரோப்பாவிலிருந்த பப்ரீசியஸ் பெயரிட்டார். இன்று படம் அந்த உயிரைக் காப்பாற்றுகிறது. ஆயினும் உடலுறுப்பை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாலன்றி வேறு பிரிக்க முடியாத இனங்கள் பல உள. ஆராய்ச்சியாளருக்குக் கொல்ல நியாயம் சில வேளைகளில் இருக்கலாம். உலாவப் போன எமக்கு அது கிடையாது; அரைப் பெயரோடு திரும்பி வருவதே மேல்.

எருக்கலையைச் சுற்றிப் பறக்கும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம் அது. தமிழ்நாட்டில் வெந்தய வரியன் என்கிறார்கள். இதன் புழு எருக்கலை இலையைத் தின்று அதன் நஞ்சை உடலிற் சேர்த்து வைக்கிறது. ஒருமுறை தின்று வருந்திய பறவை மறுமுறை அந்நிறத்தை நெருங்குவதில்லை. இந்த அச்சத்தை இன்னோர் இனம் பயன்படுத்திக்கொள்கிறது. ஹைபொலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற இனத்தின் பெண், நஞ்சு எதுவுமின்றியே, வரியனின் உடையை அப்படியே உடுத்துப் பறக்கிறது. அதன் ஆணோ கறுப்பிலே பெரிய வெண்பொட்டுகள் இட்டது. இரண்டும் சோடி என்று எவரும் நம்பார். வரியனின் பின்சிறகின் நடுவே கரும்புள்ளிகள் சில இருக்கும். மற்றதன் பின்சிறகில் முன்விளிம்பை ஒட்டி ஒரு புள்ளியே உண்டு. உயிர் காக்கும் பொய் முழுவதும் இந்தப் புள்ளிகளிலே தங்கியிருக்கிறது!

அப்படியான படமொன்றை மாணவன் ஒருவன் எடுத்து வந்தான். பின்சிறகை இலை மறைத்திருந்தது. கைத்தொலைபேசியிலிருந்த செயலி தயக்கமின்றி வரியன் என்றது. அவனும் அவ்வாறே எழுத முற்பட்டான். தடுத்தோம். "ஒரு பூச்சியின் பெயர் பிழைத்தால் யாருக்கு என்ன நட்டம், சேர்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. நட்டம் உண்டு. செம்மஞ்சளாய்ப் பறப்பதெல்லாம் வரியனே என்று எழுதிவிட்டால், மற்ற இனம் எமது மண்ணில் வாழ்ந்தும் ஏட்டில் வாழாததாகிவிடும். காண்பது ஒருவன் கண். ஆனால் அவன் எழுதியதைக் காணாத பலர் நம்புகிறார்கள். ஆகவே அது சாட்சியம். ஐநேச்சுரலிஸ்ட் என்னும் உலகப் பொதுப் பதிவேட்டில் படம், நாள், இடம் ஆகிய மூன்றும் இருந்து, இனங்கண்டோரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் உடன்பட்டால்தான் ஒரு பதிவு ஆய்வுக்கு உரியதாகிறது. அங்கே பேராசிரியரின் வாக்கும் பள்ளிச் சிறுவனின் வாக்கும் ஒன்றே. இந்தச் சமத்துவம் எமக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பான்மையும் பிழைக்கும் என்பதையும் மறவோம்.

இனங்காணல் என்ற சொல்லை எமது மண்ணில் இலேசாகச் சொல்லிவிட முடியாது. போர்க்காலத்தில் முகத்தை மூடிய ஒருவன் வரிசையில் நின்றோர் முன் தலையசைத்தால் போதுமாக இருந்தது. ஏன் என்று கேட்க இடமில்லை, ஆதாரம் காட்டவும் தேவையில்லை. 1990 ஆகஸ்டில் தீவுப்பகுதியில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனோரில் இவ்வூரவரும் உளர். மகனின் படத்தை ஏந்தி நிற்கும் தாய், படமும் பெயரும் நாளும் இடமும் சொல்கிறாள். அவளுடைய பதிவிலே குறையேதும் இல்லை. பூச்சியையும் மனிதனையும் ஒரே தராசில் வைக்க நாம் துணியவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகத் தலையசைக்கும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று சிந்திக்கிறோம்.

மாணவன் ஒருவாறு இணங்கினான். இரண்டு இனங்களும் நிம்பாலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பப் பெயரை மட்டும் எழுதி, நாளையும் மண்கும்பான் என்ற இடத்தையும் சேர்த்து, இனம் உறுதியில்லை என்று குறித்தான். மறுநாட் காலை பள்ளிக்கூடம் தொடங்குமுன் அதே எருக்கலையடியில் இலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.