நேரும் ஓரமும்

(முதுகு பிய்ந்த பழைய சிந்தாமணிப் பதிப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மெழுகு தடவிய நூலால் தைத்துக்கொண்டிருக்கிறார் குரு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை. சீடன் வந்து திண்ணையில் உட்கார்கிறான். வெகுநேரம் பேசவில்லை.)

குரு: நேற்று இரங்கல் கூட்டத்தில் உன் பாட்டைக் கேட்டுப் பலர் அழுதார்களாமே?

சீடன்: அதுதான் ஐயா உறுத்துகிறது. கேட்டவர்கள் அழுதார்கள். எழுதிய எனக்குக் கண்ணில் ஈரமே இல்லை. எழுதும்போதும் இல்லை, வாசிக்கும்போதும் இல்லை. கூலிக்கு மாரடித்துவிட்டு வந்திருக்கிறேன். கூலியாக ஒரு சால்வை.

குரு: கூலிக்கு மாரடித்தவர்களை நீ பார்த்திருக்கிறாயா?

சீடன்: இல்லை. சொலவடைதான் தெரியும்.

குரு: நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு கிழவி இருந்தாள். சாவு வீட்டுக்கு ஆள் விட்டு அழைப்பார்கள். வந்தவுடன் அழமாட்டாள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்பாள்: எத்தனை வயசு? மூத்தவன் எங்கே இருக்கிறான்? கடைசியாக வாய் திறந்து என்ன கேட்டார்? ஒரு வீட்டில், "பனங்கிழங்கு கேட்டார், வாங்க ஆளில்லை" என்றார்கள். கிழவி உள்ளே போனாள். ஒப்பாரியின் நடுவில் அந்தப் பனங்கிழங்கு வந்தது. அதுவரை கல்லாக நின்ற மருமகள் அப்படியே தரையில் சரிந்தாள். கிழவிக்கு நெல் அளந்து கொடுத்தார்கள். இப்போது சொல், அவள் அழுகை பொய்யா?

சீடன்: கூலி வாங்கினாலும் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவளுக்கு அந்த மனிதர் மேல் பாசம் ஒன்றும் இல்லையே?

குரு: இல்லை. ஆனால் அவரைப் பற்றிக் கேட்டாள். நீ கேட்டாயா?

சீடன்: (தயங்கி) எனக்கு அவரைத் தெரியும் என்று நினைத்தேன்.

குரு: அது இருக்கட்டும். இந்தப் புத்தகத்தைப் பார். உ.வே.சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தது சீவக சிந்தாமணி. இது அதன் பிந்தைய பதிப்பு. அவர் சைவச் சூழலில் வளர்ந்தவர். திருவாவடுதுறை மடத்தில் தமிழ் கற்றவர். காப்பியமோ சமணருடையது. சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தும், சமயக் கருத்து வரும் இடமெல்லாம் அவருக்கு இருட்டாக இருந்தது. கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து அவர்கள் வீட்டைத் தேடிப் போனார். அன்று பார்த்து அந்த வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சில மாதங்களாகச் சிந்தாமணி படித்துவந்தார்களாம், அன்று பூர்த்தி! ஊரில் பாட்டு விளங்காமல் இவர் தவிக்க, சில தெரு தள்ளி ஒரு குடும்பம் அதைப் பூசைபோல் ஓதிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

சீடன்: சமண மதத்தை அவர் நம்பினாரா?

குரு: நம்பவில்லை. தன் சமயத்தை விடவும் இல்லை. ஆனால் அந்த நூலுக்கு நேராக உட்கார்ந்தார். தமிழில் இந்தச் சொல் எங்கெல்லாம் போகிறது, பார்த்தாயா? ஒழுக்கத்தில் நேர்மை. வேலையில் நேர்த்தி. சாமிக்கு நேர்த்திக்கடன். மூன்றுக்கும் அடியில் கிடப்பது 'நேர்'. எதிரே இருப்பதற்கு முகம் கொடுப்பது.

சீடன்: நான் நேர்மை என்றால் உள்ளே இருப்பதை அப்படியே வெளியே சொல்வது என்றல்லவா நினைத்திருந்தேன்?

குரு: உள்ளே இருப்பது ஒரு நாளைக்கு எத்தனை முறை மாறுகிறது! காலையில் கோபம், காபி குடித்தால் சமாதானம். அதை அளவுகோலாக வைத்தால் எந்தச் சொல்லை நம்புவது? (ஊசியைத் தாளுக்குள் இழுத்து) இந்தத் தையல் முதுகட்டைக்குள் மறைந்துவிடும். படிக்கிறவன் பார்க்கப்போவதில்லை. இதைத் தைக்கும்போது எனக்குப் பரவசம் ஒன்றும் இல்லை, விரல்தான் வலிக்கிறது. ஆனால் ஒரு முடிச்சு தளர்ந்தால் நூறு பக்கம் உதிரும்.

சீடன்: புத்தகத்துக்குச் சரி. சாமிக்கு? எனக்குப் பக்தி போய் வெகுநாளாகிறது. அம்மா விபூதி நீட்டினால் இன்னும் பூசிக்கொள்கிறேன். அது வேஷம் இல்லையா?

குரு: உனக்கு முதல் மொட்டை எங்கே?

சீடன்: பழனியில். மூன்று வயதில். எனக்கு நினைவுகூட இல்லை.

குரு: உன் அம்மா நேர்ந்துகொண்டாள், உன் தலைமுடி போயிற்று. ஈழத்தில் அதற்கு 'நேர்த்தி' என்றே பெயர். வேண்டிக்கொண்ட அன்று இருந்த பயம், கடன் தீர்க்கும் அன்று அவளுக்கு இருந்திருக்காது. பிள்ளைதான் பிழைத்துவிட்டதே! ஆனாலும் பஸ் ஏறிப் போனாள். இன்று அவள் விபூதி நீட்டும்போது உன் எதிரே நிற்பது அவள். அவளுக்கு நெற்றியைக் கொடுக்கிறாய். அதில் வேஷம் எங்கே வந்தது? "நான் பெரிய பக்தன்" என்று ஊரிடம் போய்ச் சொன்னால் வரும்.

சீடன்: இதை ஒப்புக்கொண்டால் ஆபத்து இருக்கிறது ஐயா. காவி கட்டிய போலியும் இதையே சொல்வானே? விபூதி உண்டு, விரதம் உண்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன், உள்ளத்தைக் கேட்காதே என்பான். அவனுக்காகத்தானே வள்ளுவர் 28-ஆம் அதிகாரத்தைக் கூடாவொழுக்கம் என்று வைத்தார்?

குரு: நல்ல கேள்வி. அந்தப் போலி பூசை செய்யும்போது அவன் கண் எங்கே இருக்கிறது?

சீடன்: சாமி மேல் இருக்காது. யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

குரு: ஓரக்கண். 'நேர்' என்பதற்கு எதிர்ச்சொல் பொய் இல்லை தம்பி, 'ஓரம்'. பாரபட்சத்தை ஓரவஞ்சனை என்கிறோமே, அதே ஓரம். வள்ளலார் இதில் எத்தனை கவனமாக இருந்தார்! 1867-இல் அருட்பா அச்சேறுவதற்கு முன், 'இராமலிங்கசாமி' என்று தன் பெயரை வழங்குவது தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று அன்பருக்குக் கடிதம் எழுதினார். இறைவனைப் பார்த்துப் பாடியவருக்கு அந்த ஒரு ஒட்டுச்சொல், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களை நோக்கித் திரும்புவதாகப் பட்டிருக்கிறது.

சீடன்: நான் ஊரைப் பார்க்கவில்லை. அழுகை வருகிறதா என்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரு: அதுவும் ஓரக்கண்தான். வேடிக்கை பார்க்கிறவன் உனக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

சீடன்: (சற்றுப் பொறுத்து) அன்றாடப் பேச்சை என்ன செய்வது? திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே 'போய் வருகிறேன்' என்கிறோம். நாளெல்லாம் பொய்.

குரு: யாரும் அதில் ஏமாறுவதில்லையே. சாவு வீட்டில் மட்டும் ஏன் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறோம்? இப்படி ஒரு காரியத்துக்கு இன்னொரு முறை இங்கே வரக்கூடாது என்று. எதிரே இருப்பவரைப் பார்த்து ஒரு சொல்லை விழுங்குகிறோம். பொய் வேறு இடத்தில் இருக்கிறது. விருந்தாளி செருப்பு மாட்டிய பிறகு, "அடடா, ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமே!" என்கிறோமே, அங்கே.

(சீடன் சிரிக்கிறான். குரு சிரிக்கவில்லை.)

குரு: பாட்டில் இறந்தவரை என்னவென்று எழுதினாய்?

சீடன்: ஆலமரம் சாய்ந்தது என்று. இமயம், விளக்கு...

குரு: அழுதவர்கள் அவரவர் வீட்டு ஆலமரத்துக்கு அழுதிருப்பார்கள். அவர் மனைவி?

சீடன்: அழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு: போனவரைப் பற்றி உனக்குத் தெரிந்தது ஒன்று சொல். ஊருக்குத் தெரியாதது.

சீடன்: பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொள்வார். இறங்கிய பிறகும் எடுக்கமாட்டார். மாலையில் பார்த்தால் காலை டிக்கெட்டும் அங்கேயே இருக்கும்.

குரு: பாட்டில் அது இல்லையே?

சீடன்: அற்பமாகப் பட்டது.

குரு: பனங்கிழங்கும் அற்பம்தான். கடிகாரம் எந்தக் கையில் கட்டுவார்?

(சீடன் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் மாறி மாறிப் பார்க்கிறான்.)

சீடன்: தெரியவில்லை ஐயா. அந்த அம்மாவுக்குத் தெரியும். போய்க் கேட்கிறேன்.

குரு: போ. கிளம்பும்போது அங்கே சொல்லிக்கொள்ளாதே. (நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்.) என்னிடம் சொல்லிவிட்டுப் போ.

சீடன்: வருகிறேன் ஐயா.