உடலுக்கு உரியது

நம் இல்லங்களில் ஒரு பெண்மணி பகற்பொழுதில் படுத்திருந்தால், பார்ப்பவர் கேட்கும் முதற் கேள்வி, "உடம்புக்கு என்ன?" என்பதே. காய்ச்சல் என்றால் அனைவரும் இரங்குவர். "ஒன்றுமில்லை, சற்றே இளைப்பாறுகிறேன்" என்று அவர் சொல்லிவிட்டாலோ, வீட்டில் ஒரு மௌனம் பரவும். ஓய்வு கொள்வதற்கு நோய் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டம். இச்சட்டம் நியாயமானதுதானா?

இவ்வினா எழும்போதெல்லாம், நோயாளியும் நலமுள்ளவரும் ஒரே நீரில் இறங்கும் நகரம் ஒன்று என் நினைவுக்கு வருகிறது. ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் அது. அங்கே புடாக் குன்றுகளில் பெய்யும் மழை, சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகள் வழியே ஆழத்தில் இறங்குகிறது. பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, பாறையின் உப்புகளையும் கரைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் டான்யூப் ஆற்றோரத்தில் வெந்நீராய் மேலெழுகிறது. நம் பாட்டனாரின் பாட்டனாரும் பிறவாத காலத்து மழை அது!

1541 முதல் 1686 வரை அந்நகர் உதுமானியர் வசம் இருந்தது. 1566 முதல் 1578 வரை அங்கே ஆளுநராயிருந்த சொகொல்லு முஸ்தஃபா பாஷா கட்டுவித்த குளியலகங்களில் ருதாஷ் இன்றும் நிலைத்திருக்கிறது. எட்டுத் தூண்கள் தாங்கும் குவிமாடம். அதன் சிறு துளைகள் வழியே கசியும் ஒளி. அடியில் எண்கோண வடிவில் ஒரு வெந்நீர்க் குளம்.

அந்தக் குளம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. துருக்கியரின் வழக்கமான ஹம்மாமில் குளம் இராது. தேங்கிய நீரில் பலரும் இறங்குவதைத் தூய்மையாக அவர்கள் கருதவில்லை. கல்தொட்டியில் விழும் நீரைக் கிண்ணத்தால் முகந்து மேலே ஊற்றிக்கொள்வர். வெந்நீர் ஊற்று உள்ள இடத்திலோ நிலைமை வேறு. நீர் ஓயாது வந்து ஓயாது வழிந்தோடுவதால், அங்கே குளம் கட்டினர். குளிப்பை நிறைவேற்றச் சில கிண்ணம் நீரே போதுமானது. கழுத்தளவு நீரில் அசையாது அமர்ந்திருப்பதற்கு ஒரு மண்டபமே எழுப்பினார்கள் என்றால், கடமை முடிந்த பின்னும் உடலுக்குக் கொடுக்க வேண்டியது ஏதோ மிச்சமிருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

"இது சுகபோகமன்றோ?" எனச் சிலர் கேட்கலாம். வீண்விரயத்தை மார்க்கம் வெறுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை நினைவுகூர்வோம். உடலுக்கும் மனிதர்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியது ஒரு நோயாளியிடம் அன்று. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாய்த் தம்மை வருத்திக்கொண்ட, நல்ல உடல்நலமுள்ள ஓர் இளந்தோழரிடமே உணர்த்தினார்கள். உடல் நோயுற்ற பின்னர்தான் அதன் உரிமை பிறக்கிறது என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட நிபந்தனை.

மருத்துவமும் இதில் வியப்பான சாட்சி சொல்கிறது. வெந்நீரில் அமிழ்ந்தால் உடலின் பாரம் குறைகிறது, மூட்டுகள் தளர்கின்றன, இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நாட்பட்ட மூட்டுவலிக்கு இதனால் ஆறுதல் உண்டு. ஆனால் குணம் தருவது கரைந்துள்ள உப்பா, வெறும் வெப்பமா, அல்லது கவலையின்றி அமர்ந்திருந்த அரை மணி நேரமா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. (இதய நோயுள்ளவர் மருத்துவரைக் கேளாமல் மிகுந்த சூட்டில் இறங்கலாகாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.) ஹங்கேரியில் மருத்துவர் எழுதித் தந்தால் குளியல் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு உதவுகிறது. சீட்டோடு வந்தவர் நோயாளி, பணம் கொடுத்து வந்தவர் சுற்றுலாப் பயணி. நீருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மனிதர்க்கோ வேறுபாடுகள் நன்றாகவே தெரியும். அதே ருதாஷில் 1936 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், அதன் பழைய மண்டபத்தில் ஆண்கள் மட்டுமே குளித்தனர். பூமி எல்லோர்க்குமாய்ச் சுரந்த நீர் வாசலிலே பாதிப்பேரைத் திருப்பியனுப்பிற்று. பெண்களுக்கென நாள் ஒதுக்கப்பட்டது இந்த நூற்றாண்டில்தான்.

தொலைதூரத்தைக் குறைகூறுவது எளிது. புடாவில் அடுப்பு மூட்ட ஆளில்லாமலே நீர் சூடாகி வருகிறது. நம் வீட்டு வெந்நீர் அப்படி வருவதில்லை. யாரோ ஒருவர் ஃபஜ்ருக்கு முன்னெழுந்து அண்டாவை அடுப்பிலேற்றுகிறார், கொதித்ததைத் தூக்கி வந்து கிணற்றடியில் வைக்கிறார், விளாவித் தருகிறார். எரிவாயு அடுப்பும் மின்சார ஹீட்டரும் வந்த இல்லங்களிலும், முதலில் எழுபவர் அநேகமாக அவரே. வாப்பாவின் முழங்கால் வலி அந்நீரில் சற்றே தணிகிறது, அவருடைய ஓய்வை யாரும் கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். அவர் உடலுக்கு உரியது அது.

நீர் சுமந்த அம்மணிக்கும் ஐம்பது வயது கடந்திருக்கும். மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு நாளேனும் அவருக்காக வேறொருவர் அந்த அண்டாவைத் தூக்கி வைத்ததுண்டா? "முழங்கால் வலிக்கிறதா உம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்னப்பா, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்.