மரச் சொப்பும் ஆண்பிள்ளையும்

கார்த்திகைத் தீபத் திருவிழா வந்துவிட்டால் எங்கள் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் சொப்புச் சாமான்கள் குவிந்து கிடக்கும். மண்ணில் வனைந்தவை, மரத்தில் கடைந்தவை, பிளாஸ்டிக்கில் வார்த்தவை எனப் பலவகை. மரச் சொப்புக்கு நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரமும், கன்னட நாட்டின் சன்னபட்டணமும் பேர்போனவை. கடைசலில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி நிறமாய்ப் படியும். சன்னபட்டணத்தில் இக்கைத்தொழிலை வளர்த்தவர்களுள் முஸ்லிம்கள் பலர்.

சென்ற ஆண்டு என் பேரப் பிள்ளைகளுக்காக நானே ஒரு மர அடுக்களை செய்யத் துணிந்தேன். அண்டை வீட்டு ஆசாரியாரிடம் ரம்பம், உளி, இழைப்புளி ஆகியவற்றை இரவல் வாங்கினேன். பழைய கதவின் தேக்குப் பலகையை அறுத்து, இரண்டடி உயரத்தில் ஓர் அடுப்பு மேடையும், அதன்கீழ் பாத்திரத் தட்டும் அமைத்தேன். பிஞ்சு விரல்களைக் கீறிவிடக் கூடாதே என்று ஆணிக்குப் பதிலாக மரமுளைகளை அடித்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதுகளில் பதினொரு நாள் வேலை. ஏடு பிடித்த கை கொப்புளித்தது. எனினும் மனம் குளிர்ந்தது.

வேலை முடிந்த அன்று பேத்தி சமையலைத் தொடங்கினாள். ஐந்து வயதுப் பேரன் ஆசையோடு அகப்பையை எடுத்தான். நான் என்னையும் அறியாமல் அதை அவன் கையிலிருந்து வாங்கி, "ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை, தம்பி?" என்றேன். அவன் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியை அத்தாதானே காய்ச்சினாங்க, தாதா?" என்று கேட்டான்.

நாற்பது கிதாபுகளைப் புரட்டியவனுக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

எண்ணிப் பாருங்கள். ரமலானில் கஞ்சி அண்டாவைக் கிண்டுகிறவர்கள் ஆடவர். நிக்காஹ் விருந்தில் பிரியாணிக்குத் தம் போடும் பண்டாரி ஆடவர். இவ்வூர்க் கோயிலின் மடைப்பள்ளியிலும், கடைத்தெரு உணவு விடுதிகளிலும் அடுப்பின்முன் நிற்பவர் பெரும்பாலும் ஆடவரே. அங்கெல்லாம் கரண்டி பிடித்ததால் எவருடைய மானமும் குறைந்ததில்லை. அப்படியாயின் நாம் இழிவென்று எண்ணுவது சமையலை அன்று. கூலியும் பெயரும் இல்லாமல் நாள்தோறும் செய்யப்படும் சமையலையே. கூலியோ புகழோ நன்மையோ கிட்டுமிடத்தில் கரண்டி நம் கைக்கு வருகிறது. நன்றி கூறவும் ஆளில்லாத இடத்தில் அது பெண்களின் கையில் தங்கிவிடுகிறது. இதற்கு நாம் இட்ட பெயர் ஆண்மை. நீதி என்று இதைச் சொல்ல முடியுமா?

2019இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்குகிறது. ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபட்டோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். ஈடுபட்டவர்களுள்ளும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிட்டனர்.

நம் முன்மாதிரி என்ன சொல்கிறது? இல்லத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததாகப் புகாரியில் காண்கிறோம். அன்னையவர்கள் தோழியரோடு பொம்மை வைத்து விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பதும் அறிந்த செய்தியே. விளையாட்டைத் தடுக்காதவரும் வீட்டுப்பணிக்கு நாணாதவரும் ஒருவரே. அந்த உம்மத்தைச் சேர்ந்த நான், சிறுவன் கையிலிருந்த அகப்பையைப் பறித்தேன்!

"விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?" எனச் சிலர் கேட்கலாம். எதற்கு நாணவேண்டும், எதற்கு நாணவேண்டாம் என்பதைப் பிள்ளை முதலில் கற்பது விளையாட்டில்தான். அகப்பையைப் பிடுங்கியபோது நான் அவனுக்குப் புகட்டியது, தன் தாயின் உழைப்பு தனக்குத் தாழ்வு என்னும் பாடம். பேத்திக்கும் அதே நொடியில் ஒரு பாடம் போயிருக்கும்: இது உன் தலையில் மட்டும் விழுந்த சுமை.

அகப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். பேரன் ஏதோ கிண்டி, வெறும் கிண்ணத்தில் எனக்கு ஊற்றித் தந்தான். அதைக் குடிப்பதுபோல் வாயருகே கொண்டு சென்றபோது, உள்ளே மெய்யான அடுக்களையில் என் மனைவி இருமும் ஒலி கேட்டது. மர அடுக்களைக்குப் பதினொரு நாள் தந்தவன், முப்பது ஆண்டுகளில் அந்த அடுக்களைக்கு எத்தனை நாள் தந்தேன்?

அன்றிரவு உண்ட தட்டை நானே கழுவி வைத்தேன். பெருமைப்படத்தக்க செயல் அன்று. மிகவும் பிந்திய செயல். என் வயதினர் இனியேனும் தொடங்கலாம். நம் பேரர்களோ பிந்தாமலே தொடங்கட்டும். அவர்கள் கையிலிருந்து அகப்பையைப் பறிக்காதிருப்போமாக!